ஒட்டாமல் கிடந்த தோட்டம்

எங்கள் சபையில் நேத்தா அக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கனடாவில், மனிடோபாவின் இந்தப் பனியில், தானியக் கிடங்குக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் தனியாகவே எழுபதைத் தாண்டிவிட்டாள்.

ஜனவரி பிறந்தால் விதைக் கம்பெனிக்காரர்கள் படப் புத்தகம் அனுப்புவார்கள். அக்கா படங்களை வெட்டி, மாவுப் பசை காய்ச்சி, அட்டையில் ஒரு தோட்டம் ஒட்டுவாள். அதுதான் அவள் கடிதம். சகோதரிகள் நால்வருக்குள்ளும் ஒரே உறை வருஷக்கணக்காகச் சுற்றிவந்தது. உறை வந்ததும் தன் பழைய கடிதத்தை எடுத்துவிட்டு, புதியதை வைத்து அடுத்தவளுக்கு அனுப்பவேண்டும். இரண்டு பேரைக் கர்த்தர் அழைத்துக்கொண்டார். மிச்சம் பக்கத்து மாகாணமான சஸ்காட்சுவானில் இருக்கும் தங்கை லீனா மட்டும்.

இந்த வருஷம் உறை போய்ச் சேர்ந்த வாரமே லீனாவுக்குப் பக்கவாதம். பேச்சும் வலது கையும் போயின. "அம்மாவுக்கு யாரையும் அடையாளம் தெரியலை பெரியம்மா" என்று மகன் போனில் சொல்லிவிட்டான்.

"என்னைத் தெரியும்" என்றாள் அக்கா. "உறை வரட்டும், பாரு."

அடுத்த தோட்டத்தை வெட்டி மேஜையில் பரப்பிவிட்டாள். ஒட்டவில்லை. உறை வராமல் ஒட்டி என்ன செய்வது? மார்ச் பாதியாயிற்று. ஜன்னல் பாதிவரை பனி. மேஜையைத் தோட்டம் பிடித்துக்கொண்டதால் தட்டை மடியில் வைத்தே சாப்பிட்டாள். வியாழக்கிழமைதோறும் நான் கோஸ் சூப் கொண்டுபோவேன்.

"கதவை மெதுவாச் சாத்துடி மார்த்தா! தும்மித் தொலைக்காதே, தக்காளியெல்லாம் பறந்துடும்."

"ஜெபம் பண்ணுங்கக்கா."

"பண்ணிட்டுத்தான் இருக்கேன். நடுவுல தபால்காரனையும் கொஞ்சம் திட்டிக்கிறேன், கர்த்தர் பொறுத்துக்குவார்."

ஒரு வியாழன் உறையை நான்தான் தபாலாபீஸில் வாங்கிப் போனேன். அக்கா பிரித்தாள். உள்ளே அவள் அனுப்பிய பழைய அட்டை மட்டும். லீனாவுடையது ஒரு துண்டுகூட இல்லை.

"மகன் திருப்பி அனுப்பிட்டான்" என்றாள். அட்டையை என்னிடம் நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இந்த பீன்ஸ் நீங்க ஒட்டினதா?"

கேரட் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு பீன்ஸ் கொடி. கத்தரியில் வெட்டியதல்ல, கையால் கிழித்தது. சுற்றிலும் பசை அப்பியிருந்தது.

அக்கா வாங்கிப் பார்த்தாள்.

"எங்க வீட்டுத் தோட்டத்துல பீன்ஸ் எப்பவும் லீனா பாத்தி. என்னைக் கிட்ட விடமாட்டா." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தலைகீழா ஒட்டியிருக்கு பாரு, கழுதை."

முறைப்படி அந்த அட்டையை அவள் எடுத்துவிட வேண்டும். எடுக்கவில்லை. புத்தகத்தில் மண்வெட்டிப் படத்தைத் தேடி, காம்பை மட்டும் நீளமாக வெட்டி, பீன்ஸுக்குப் பக்கத்தில் கொழுகொம்பாக ஒட்டினாள். உறையில் போட்டு, காலணி மாட்டினாள்.

"குடுங்கக்கா, நான் தபால்ல போட்டுடறேன்."

"நீ சூப்பைச் சூடு பண்ணு."

கதவைத் திறந்ததும் காற்று புகுந்து மேஜைத் தோட்டம் முழுவதும் பறந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.