தலையணை மேல் வைத்த கால்

எனக்குக் கோபம் வந்தால் வாய் சும்மா இருக்காது. ராசிபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸ் வேலை. பிள்ளை பெறுகிற பெண்களைவிட நான்தான் அதிகம் கத்துகிறேன் என்று அங்கே கேலி செய்வார்கள். வீட்டிலும் அதே கதைதான். சொந்தத்தில் யாருக்கு என்ன உடம்புக்கு வந்தாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள்.

என் அண்ணன் லாரி டிரைவர். நாமகிரிப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீதியில் குடியிருக்கிறார். சர்க்கரை உண்டு, பீடியும் உண்டு. இரண்டையும் நான் திட்டுவேன், அவர் சிரிப்பார். போன வருடம் அவருக்கு இடது கெண்டைக்காலில் வலி வந்தது. டீக்கடைக்கு நடந்தால் பாதி வழியில் கால் இறுக்கிப் பிடிக்கும். இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும். திரும்ப நடந்தால் திரும்பப் பிடிக்கும்.

எங்கள் பக்கத்தில் டிரைவருக்கு இடது கால் வலித்தால் யாரும் டாக்டரைத் தேட மாட்டார்கள். "அது கிளட்ச் காலுங்க, முப்பது வருசம் மிதிச்சா வலிக்காம என்ன பண்ணும்" என்று சொல்லிவிடுவார்கள். அண்ணனும் அதையே சொன்னார். நானும் தலையை ஆட்டிவிட்டு ஒரு தைலத்தைக் கையில் கொடுத்தேன். நின்றால் போய்விடுகிற வலி தசை வலி இல்லை, வேலை செய்கிற தசைக்கு ரத்தம் போதாமல் வருகிற வலி என்று நர்சிங் படிக்கும்போது பரீட்சையில் எழுதியவள் நான்.

பிறகு குளிர்காலத்தில் வடக்கே ஒரு லோடு. இடது பாதம் மட்டும் ஐஸ் மாதிரி சில்லிட்டுக் கிடந்ததாம். பழைய வண்டி, இன்ஜின் கேபினுக்குள்ளேயே பானெட்டுக்கு அடியில் இருக்கும். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, பாதத்தைத் தூக்கிச் சூடான பானெட் மேல் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார். எழுந்தபோது பெருவிரல் ஓரத்தில் கொப்புளம். சுட்டதே தெரியவில்லை. "நம்ம டிரைவருங்க எல்லாம் அப்பிடித்தான் குளிர் காயறது அம்மணி, எனக்கு மட்டும் வெந்து போச்சு பாரு" என்றார், ஊருக்கு வந்ததும். அட கெரகமே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து வைத்தியம் என் கையில். தினமும் டியூட்டி முடிந்து வந்து கட்டுப் போட்டேன். தெரிந்த மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். பாதம் லேசாக வீங்கியிருந்தது. எங்கள் வார்டில் கால் வீங்கின கர்ப்பிணிகளுக்கு என்ன செய்வோமோ அதையே செய்தேன். இரண்டு தலையணையை அடுக்கி அதன்மேல் அண்ணன் காலைத் தூக்கி வைத்தேன்.

அண்ணனுக்கு அது பிடிக்கவே இல்லை. நான் உள்ளே நுழையும்போதெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "சொன்னாக் கேக்கவே மாட்டீங்களா? தொங்கப் போட்டா வீங்காம என்ன பண்ணும்? தூக்கி வைங்க மேல" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவேன். "வெச்சா வலி உசுரு போவுது சாமி" என்பார். வலித்தால்தான் ஆறும் என்று நான் சொல்வேன். அண்ணி கதவோரம் நின்றுகொண்டு, "அவங்க நர்ஸுங்க, அவங்களுக்குத் தெரியாதா, வைங்க" என்று அவரை அடக்குவார். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தூக்கி வைப்பார். இப்படியே பதினாறு நாள் போனது.

பதினேழாம் நாள் கட்டைப் பிரித்தபோது பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன. சேலத்தில் ரத்தக்குழாய்க்கென்று இருக்கிற டாக்டரம்மாவிடம் அன்றைக்கே கொண்டுபோனோம்.

அந்த அம்மா காயத்தை உடனே பார்க்கவில்லை. முதலில் பாதத்தின் மேல்பக்கத்தில் இரண்டு விரலை வைத்துக் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். அடுத்து கணுக்கால் உள்பக்கம், முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு. பதினாறு நாள் அந்தப் பாதத்தைக் கையில் வைத்திருந்தேன், ஒருநாள்கூட அங்கே நாடி பார்க்கத் தோன்றவில்லை.

"கீழே ரத்தமே வரலீங்க" என்றார் டாக்டரம்மா. "நீங்க சாப்பிட்ட மாத்திரையும் ரத்தத்துலதான போகணும்? தண்ணி பாயாத வயலுக்கு உரம் போட்டு என்ன ஆகும்?" கால் குழாய் மட்டும் தனியாக அடைவதில்லை, இதயத்துக்கும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிற குழாய்களிலும் இதே கொழுப்புப் படிவு இருக்கலாம் என்று எல்லாவற்றுக்கும் பரிசோதனை எழுதினார். சிறுநீரகம் ஏற்கெனவே கொஞ்சம் தளர்ந்திருந்தது. குழாயைப் படமெடுக்க ஏற்றுகிற மருந்து அதை இன்னும் கெடுக்கலாம், அதனால் அளந்துதான் கொடுக்க வேண்டும் என்றார். பலூன் வைத்து அடைப்பைத் திறந்து பார்ப்போம், ரத்தம் இறங்கினால் விரல்களோடு போகும், இறங்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

பிறகு அண்ணனைக் கேட்டார். "காலைத் தொங்கப் போட்டா வலி குறையுதுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப தொங்கத்தானே போட்டிருந்தீங்க? மேல தூக்கி வெச்சா வர்ற கொஞ்ச ரத்தமும் வராதுங்க."

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "இல்லீங்க, நாந்தாங்க தலகாணி வெச்சு மேல வெச்சுட்டேன். வீக்கம் வத்தும்னு நெனச்சேன். தங்கச்சி வேண்டாம்னுதான் சொல்லுச்சு" என்றார்.

அண்ணி வாயைத் திறந்தார், அண்ணன் ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டார். நானும் அந்த இடத்தில் வாயைத் திறக்கவில்லை. ஊரையே வாயால் விரட்டுகிறவள் அன்றைக்கு ஊமையாக நின்றேன். வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

மறுநாள் டாக்டரம்மாவைத் தனியாகப் பார்த்து உண்மையைச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. "தலையணையால அடைப்பு வரலீங்க, அது பல வருசமா வந்தது. ஆனா அந்தப் பதினாறு நாள் நமக்குக் கெடச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

பலூன் வைத்தார்கள். ஒரு குழாய் திறந்தது, ஒன்று திறக்கவில்லை. கால் பிழைத்தது, பாதத்தின் முன்பாதி போனது. இனி கனரக வண்டி ஓட்ட முடியாது என்று சொன்னபோது அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன். "நீ எதுக்கு அழுவற? ஆயிரம் பேரைக் கொன்னாத்தான் அரை வைத்தியன். நீ பாதிக் காலோட நிறுத்திட்ட" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள். வார்டில் அவரும் நானும் மட்டும் இருந்தோம். கட்டுப் போட்ட காலை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார், எங்கே வைப்பது என்று பிடிபடவில்லை. அங்கே டாக்டர்கள் இருக்கிறார்கள், நர்ஸ்கள் இருக்கிறார்கள். அவர் அவர்களைக் கூப்பிடவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

"அம்மணி, இப்ப இதை மேல வெக்கறதா, கீழ வெக்கறதா? நீ சொல்லு, அப்பிடியே வெச்சுக்கறேன்."

"எனக்குத் தெரியலீங்கண்ணா" என்றேன். "ஆட்டாம இருங்க, கேட்டுட்டு வாரேன்."