ரூத்தின் வகுப்பை மூடவைத்தவள்

ரூத்தின் வகுப்பை மூடவைத்தவர்களில் நானும் ஒருத்தி. இது ரூத்துக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் நம்புகிறேன்...

ரூத் இந்த ஆஸ்திரேலிய மண்ணின் பூர்வகுடிப் பெண். சிட்னிப் பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியர். பள்ளியைப் பாதியில் விட்ட தம் மக்களைப் பட்டப்படிப்புக்கு ஆயத்தம் செய்ய ஒரு வகுப்பைத் தொடங்கி, பல ஆண்டுகள் கட்டிக்காத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என்னை எவரும் நேர்முகத்துக்குக்கூட அழைக்காத காலத்தில், தம் துறையில் விரிவுரையாளராகச் சேர்த்துக்கொண்டவர் அவர். என் ஆங்கிலக் கட்டுரைகளையும் அருகிலிருந்து திருத்தித் தந்தார்.

ஒருநாள் எங்கள் துறைகளுக்கெல்லாம் தலைவரான பீடாதிபதி என்னைத் தனியே அழைத்தார்.

"நீங்கள் போருக்குத் தப்பி வந்தவர். உங்களுக்கென்று யாராவது தனி வகுப்பு வைத்தார்களா?"

என் ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது. நிரந்தர வேலை அவர் கையில். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இல்லை. எவர் உதவியும் இல்லாமல்தான் முன்னேறினேன்."

அந்தக் கணத்தில் ரூத்தின் நினைவு வரவில்லையா? வந்தது. வந்தும் சொன்னேன்.

அடுத்த கூட்டத்தில் பீடாதிபதி வகுப்பை நிறுத்துவதாக அறிவித்தார். "அகதிகளாக வந்தவர்களே தனி வகுப்புக் கேட்கவில்லை" என்றார். ரூத் மேசையைப் பார்த்தபடி இருந்தார். நான் ரூத்தின் முகத்தையே பார்த்தபடி இருந்தேன்.

பாதியில் நின்றுபோன மாணவர்களில் ஷெரி என்ற இளம் தாய் என்னிடம் விடைபெற வந்தாள். "அடுத்த ஆண்டு வேறு வழி கிடைக்கும்" என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன். என் வாய் எப்படிக் கூசாமல் போயிற்று?

எனக்கு வேலை நிரந்தரமானது. ரூத் பதவி விலகினார்.

கணவரிடம் மட்டும் சொன்னேன். "நீர் சொல்லாட்டிலும் அவங்கள் மூடியிருப்பாங்கள். இனி விடும்" என்றார். இருக்கலாம்... ஆனால் சொன்னேனே.

சென்ற மாதம் ரூத்தை பிளாக்டவுன் ரயில் நிலையத்தில் கண்டேன். ஒரு சமூக மண்டபத்தில் வகுப்பை மறுபடி தொடங்கியிருக்கிறாராம். "சனிக்கிழமைகளில் வந்து கற்பிப்பாயா?" என்று கேட்டார். வருவதாகச் சொன்னேன். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"வகுப்பை மூடுமுன் பீடாதிபதி உன்னிடமும் பேசினாரா?"

"இல்லை."

அவர் "சரி" என்றார்.

அறியத்தான் கேட்டாரா? அல்லது, நான் சொல்வதற்கு ஓர் இடம் விட்டாரா?

சனிக்கிழமைகளில் போகிறேன். "உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும்" என்று அவர் தொடங்கும்போதெல்லாம் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுகிறேன். மண்டபத்துச் சாவி எங்கே, தேநீர் போடட்டுமா... இதுவரை அவ்வளவுதான் கேட்டிருக்கிறார்.