கரியும் ஓசோனும் என் பழியும்

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சிவந்தபோது நான் ஓசூரில் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மேட்டிலிருந்த சாயக் கம்பெனி கழிவை ஓடையில் விட்டது; அது மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வந்தது. தக்காளிச் செடிகள் கருகின. சினைப்பசு செத்தது. அப்பா ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு கம்பெனி மேனேஜரைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன்.

"வெறும் கலர்தான் பெரியவரே, ஒண்ணும் ஆவாது. இத எடுக்க எந்த ஊர்லயும் வழி கெடையாது. கஷ்டமா இருந்தா நெலத்த எங்களுக்கே குடுத்துருங்க" என்றார் அவர்.

வாட்ச்மேன் குடத்தைக் காலால் தள்ளினான். அப்பாவின் வேட்டியெல்லாம் சிவப்பு. இந்த மேனேஜரை ஊர் முன்னால் பொய்யனாக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். வேதியியல் படித்ததற்கு வேறு காரணம் இல்லை.

பெங்களூரில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். சாய நீரில் ஓசோனைச் செலுத்தினால் நிறம் போனது. நஞ்சு முழுதாகப் போகவில்லை. கொட்டாங்குச்சிக் கரியை நீராவியில் பக்குவப்படுத்தி உள்ளே போட்டேன். கரியின் மேல் பட்டு உடைந்த ஓசோன் இன்னும் மூர்க்கமாகி, மிச்சத்தையும் சிதைத்தது. மற்றவர்கள் பட்டத்துக்காக உழைத்தார்கள். நான் ஒரு முகத்தை நினைத்து உழைத்தேன்.

ஊர்ப் புகாரின் பேரில் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி விசாரணைக்கு வந்தார். அங்கேயும் மேனேஜர், "இதுக்கு டெக்னாலஜியே இல்ல சார்" என்றார். ஓடைத் தண்ணீரைக் கரி போட்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றி, நான் கொண்டுபோயிருந்த ஓசோன் கருவியை ஓட்டினேன். ஓசோன் நெடி மூக்கில் ஏறியது. சிவப்பு ரோஸாகி, பிறகு காணாமலே போனது.

"கலரு போச்சு. விஷம் போச்சுன்னு யாரு கண்டா?" என்றார் மேனேஜர்.

"அப்ப அதுல விஷம் இருந்துச்சுன்னு ஒத்துக்கறீங்களா சார்?"

அதிகாரி ஓடைத் தண்ணீர், தெளிந்த தண்ணீர் இரண்டையும் சோதனைக்கு அனுப்பினார். முன்னதில் நஞ்சு, பின்னதில் இல்லை என்று முடிவு வந்ததும், சுத்திகரிப்பு அமைக்கும்வரை கம்பெனியை மூட உத்தரவானது.

மேனேஜர் வீடு தேடி வந்தார். "மேடம், நீங்களே வந்து செஞ்சு குடுங்க."

அப்பா பாவப்பட்டு அவருக்கு நாற்காலி கொண்டுவந்தார். அதை வாங்கி நான் உட்கார்ந்துகொண்டேன். அவரை வெயிலில் நிற்க வைத்தே பேசினேன்: கிணறுகள் தெளியும்வரை ஊருக்கு லாரித் தண்ணீர்; அது வரத் தொடங்கிய பிறகுதான் சுத்திகரிப்பு வேலை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கிணறு தெளியப் பல மழைக்காலம் பிடித்தது. கம்பெனி அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்ட அன்று, பஸ் ஸ்டாண்டில் இறங்கி மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.