வியட்நாமைப் பாடமாக்கிய வாரம்

பிரெஞ்சு பேசும் ஊரில், டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கும் நான் மேற்பார்வையாளன் ஆவதற்கு ஒரேயொரு தடை: பிரெஞ்சு வாய்மொழிப் பரீட்சை. மாலை வகுப்பில் தலைப்புகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்தோம். பக்கத்திலிருந்தவருக்கு ‘என் செல்லப்பிராணி’. எனக்கு ‘போருக்குப் பின் கம்யூனிச வியட்நாமும் சர்வதேச நிதி நிறுவனங்களும்’. போதாக்குறைக்கு முன்வரிசையில் வியட்நாமில் பிறந்த ஓர் அம்மா.

யாழ்ப்பாணத்து ரியூஷன் கொட்டிலில் வளர்ந்தவனுக்கு ஒரு வழிதான் தெரியும். எல்லாவற்றையும் வரிக்கு வரி பாடமாக்கினேன், குளியலறையில், பேருந்தில், பெட்டிகளுக்கு நடுவில்.

“இஞ்சாருங்கோ, கறிச்சட்டியப் பாத்தும் வியட்நாம் எண்டுறியள். ஆர் அவ?” என்றாள் மனைவி.

பரீட்சையன்று ‘போன்ஜூர்’ என்று தொடங்கி மூச்சுவிடாமல் ஓடினேன். பாதி வழியில் ஆசிரியை மறித்து, “ஏன் கடன் குடுக்கிறதை நிப்பாட்டினவை?” என்றார். நூல் அறுந்தது. அடுத்த வரி வேண்டுமென்றால் நான் முதல் வரியிலிருந்து வர வேண்டும். “போன்ஜூர்,” என்றேன். மறுபடி மறித்தார். மறுபடி போன்ஜூர். மூன்றாம் முறை வகுப்பு முழுவதும் பதில் வணக்கம் சொன்னது.

“மிஸ்யே, பாடமாக்கினதை விடுங்கோ. உங்கட சொல்லில சொல்லுங்கோ.”

சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மேற்பார்வையாளர் வேலை சிறகடித்துப் பறப்பது தெரிந்தது. வாயில் வந்ததை அவிழ்த்துவிட்டேன். இங்கே தமிழில் தருகிறேன். நான் பேசிய பிரெஞ்சில் வினைச்சொற்களே இருக்கவில்லை.

“மடாம், எங்கட ஆக்களில ரெண்டு வீடு கோபமெண்டால், ஒருத்தற்ற நன்மை தின்மைக்கு மற்றவை போகாயினம். வியட்நாம் கம்போடியாவுக்குள்ள படையோட போச்சு. காசு குடுக்கிற வீடெண்டது அந்த நிதி நிறுவனங்கள், அங்க அமெரிக்காதான் பெரிய மாமா. மாமா முகத்தைத் திருப்பினால் ஆர் கதைப்பினம்? படலையப் பூட்டிப்போட்டினம். பழைய கடனும் கட்டுப்படேல்லை. கனகாலம் பேச்சில்லை. பேந்து படை திரும்பி வந்துது. பிரான்சும் ஜப்பானும் நடுவுக்கு நிண்டு, பாக்கியத் தீர்க்க உதவி செய்து, கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போச்சினம். மாமாவும் ஓமெண்டிட்டார்.”

வியட்நாம் அம்மா மேசையில் தட்டிச் சிரித்தார். “எங்களிட்டையும் உப்பிடித்தான்! என்ர கலியாணத்துக்குப் பெரியமாமி வரேல்லை!”

ஆசிரியை விடவில்லை. “இப்ப ரெண்டு வீடும் எப்பிடி?”

“மாமா வீட்டுக்காரர் வருகினம், சாப்பிடுகினம், மடாம். போகேக்க மட்டும், இதைத் திருத்து, அதை வித்துப்போடு எண்டு புத்தி சொல்லிப்போட்டுத்தான் போவினம்.”

அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாஸ்,” என்றார்.

எனக்குத் தலை கிறுகிறுத்தது. ஆசிரியையைக் கும்பிட்டேன், வியட்நாம் அம்மாவைக் கும்பிட்டேன். வெளியே வரும்போது, குளிர்கோட்டு மாட்டுகிற கொழுக்கியையும் ஒருமுறை கும்பிட்டேன்.