டிக்கெட் எடுத்தவன் கட்டிய கயிறு

மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் எனக்குப் படகு வேலை இல்லை. அந்தமானில் அப்போது மழை தொடங்கியிருந்தது; அதற்குப் பயந்து சுற்றுலாக்காரர் யாரும் போகாத அந்த நாட்களில், முதுகில் பையோடு தனியாக அங்கே தீவு தீவாகச் சுற்றினேன்.

தீவுக்குத் தீவு நான் ஏறிய படகில், கரையில் கட்டக் கயிறு போடுகிறவர் திருவொற்றியூர்க்காரர். தலையில் ஈரத்துண்டு. கரை நெருங்கினால் மாட்டைத் தட்டுவதுபோல் படகைத் தட்டிக்கொடுப்பார்.

முதல் தீவிலேயே, கைப்பழக்கத்தில் அவரிடமிருந்து கயிற்றைப் பிடுங்கி நானே கரையில் கட்டிவிட்டேன்.

"இன்னா நைனா, டிக்கெட்டும் எடுத்துகினு வேலையும் செய்வியா? குந்து, வேடிக்கை பாரு."

வெட்கத்தோடு உட்கார்ந்தேன். அப்புறம் ஒவ்வொரு தீவிலும் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஊர் திரும்பும் நாள், கடைசித் தீவின் கரை வந்ததும், "இந்தா மாமு" என்று கயிற்றை என்னிடம் வீசினார். சந்தோஷமாகக் கட்டினேன். நான் கேட்கவே இல்லை. அவருக்கு எப்படித் தெரிந்ததோ!