மாடி மாறிப் பொங்கிய பால்

வீரம்மாள் அத்தைக்கு நான் இதுவரை நான்கு புருஷன்களைக் கட்டி வைத்திருக்கிறேன். ஒருவர் பட்டாளத்தில், ஒருவர் கப்பலில், ஒருவர் குஜராத் மில்லில், கடைசியாக வந்தவர் துபாயில். நிஜத்தில் ஒருவரும் கிடையாது. அத்தைக்குக் கல்யாணத்தில் நாட்டமில்லை, லோடு ஆட்டோவில்தான் நாட்டம். கல்லுப்பும் கோலமாவும் ஏற்றிக்கொண்டு, மேலே ஸ்பீக்கர் கட்டி, கொள்ளிடம் தாண்டி மண்ணச்சநல்லூர் வரை தெருத்தெருவாக விற்பாள். எல்லாரும் குரலைப் பதிவு செய்து ஓடவிடுகிறார்கள். அத்தை மட்டும் தானே மைக்கைப் பிடித்துக் கத்துவாள்.

புருஷன்கள் வாடகை வீட்டுக்காக. ஸ்ரீரங்கத்தில் அவள் இருந்த அறையை, ஆடிப்பெருக்குக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். வேறு வீடு பார்க்க அலைந்தோம். எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்.

“தனியாவா?”

“இல்லீங்க, ஆட்டோவோட” என்று அத்தை ஒரு வீட்டில் உண்மையைச் சொன்னாள். நாங்கள் செருப்பு மாட்டுவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. அடுத்த வீட்டிலிருந்து பதில் சொல்லும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

மண்ணச்சநல்லூரில் புதிதாகப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த அபார்ட்மென்ட் ஒன்றில் துபாய் மாமா பலித்தார். முதல் மாடி வீட்டுக்கு மதுரைவீரன் என்பவர் சொந்தக்காரர். ரைஸ் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். “குடும்பஸ்தங்களா? அப்பச் சரி. ஆனி முடியறதுக்குள்ள பால் காய்ச்சிடுங்க” என்றார். ஆடி பிறந்துவிட்டால் யாரும் குடிபோக மாட்டார்கள், வீடும் தரமாட்டார்கள். ஆவணி வரை அத்தை எங்கள் வீட்டில்தான் படுக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பவர்களே முறை வைத்துத்தான் புரண்டு படுக்கிறோம்.

ஆனி கடைசி நாள் கிளம்பினோம். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். நொச்சியம் ரயில்வே கேட்டில் நெல் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். இறங்கியதும் ஓட்டம்தான். அத்தை கையில் அடுப்பு, என் கையில் பாலும் பானையும்.

“மெதுவாடி இளா, பால் தயிராயிடப் போவுது!”

“நீ முதல்ல ஏறு அத்தை, மூச்சு வாங்கறது ராகு காலத்துல வாங்கிக்கலாம்!”

சிரித்துக்கொண்டே ஏறினோம். எல்லாக் கதவும் ஒரே பச்சை, பெயிண்டில் அழிந்த நம்பரைக்கூட இன்னும் திரும்ப எழுதவில்லை. பெயிண்ட் காயத் திறந்து வைத்திருந்த கதவுக்குள் நுழைந்து அடுப்பைப் பற்றவைத்தோம். பால் நுரைத்து, கிழக்குப் பக்கமாக அழகாக வழிந்தது. அத்தை குலவை போட்டாள். மைக் இல்லாமலே கட்டடம் அதிர்ந்தது.

அப்போது வாசலில் ஒரு அம்மா, துடைப்பமும் கையுமாக நின்றார். பக்கத்து வீட்டுக்காரர் என்று நினைத்து அத்தை டம்ளரை நீட்டினாள். “வாங்க வாங்க, நல்ல நேரத்துல வந்தீங்க!”

அவர் வாங்கிக் குடித்தார், நிதானமாக.

“வீடு புடிச்சிருக்குங்களா?” என்றார்.

“ரொம்ப. காத்து அள்ளுது.”

“சந்தோசம். இது என் வீடுங்க.”

ஒரு மாடி அதிகமாக ஏறியிருந்தோம். குலவை கேட்டு மதுரைவீரனும் மேலே வந்துவிட்டார். விஷயம் புரிந்ததும் முகம் சுருங்கியது. “இங்க பொங்கவிட்டுட்டு, என் வீட்டுல ரெண்டாந்தடவையா? ஷரபுன்னிசாம்மா, என்னன்னு கேளுங்க. இவங்க வீட்டுக்காரரும் உங்களவரு மாதிரி துபாய்தான்.”

“அப்படியா? துபாய்ல எங்க?”

நான் வாயைத் திறந்தேன். எனக்கு துபாயில் துபாய் மட்டும்தான் தெரியும். அத்தை என் தோளில் கை வைத்தாள்.

“அப்படி ஒரு ஆளே கெடையாதுங்க. எல்லாம் இவ பண்ணுன ஆளு. நான் தனி.”

மதுரைவீரன் அட்வான்ஸைத் திருப்பி அடுப்புமேடையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அத்தை குனிந்து, சிந்திய பாலைத் தன் முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள். என் நான்கு மாமாக்களையும் கொள்ளிடத்தில் தள்ளிவிடலாம் போலிருந்தது.

“தொடைக்காதீங்க” என்றார் ஷரபுன்னிசா. “நீங்க அந்த உப்பு ஆட்டோதானே? குரலக் கேட்டதுமே நெனச்சேன். எங்க பொண்ணு ஹஃப்ஸா வீட்டுக்குள்ள உங்கள மாதிரியேதான் கத்திக்கிட்டுத் திரியும்.”

“மன்னிச்சுக்குங்க, தெரியாம நொழஞ்சிட்டோம்.”

“அவரு ஒவ்வொரு வருசமும் வரேங்கறாரு, வந்தா குடிபோலாம்னு பூட்டி வச்சிருக்கேன். வாரம் ஒருக்கா வந்து கூட்டிப் பெருக்கிட்டுப் போறேன். இந்த அடுப்பங்கரையில ஒரு டீகூட யாரும் போட்டதில்ல. இன்னிக்கு பொங்கியே பொங்கிடுச்சு.” கொஞ்சம் யோசித்தார். “ஆட்டோவ எங்க நிறுத்துவீங்க?”

தனியாவா என்று கேட்காத முதல் ஆள். அத்தைக்குக் கண் நிறைந்துவிட்டது.

“கீழ வேப்பமரத்தடியில!” என்று நான் சொல்லிவிட்டு, சாவி கை மாறுவதைப் பார்த்ததும் படிகளைத் தாவித் தாவி இறங்கினேன். ஆட்டோவில் ஏறி மைக்கை எடுத்தேன்.

“மண்ணச்சநல்லூர் வாழ் பெருமக்களே! உப்பு வீரம்மாளுக்கு வீடு கெடைச்சிருச்சு! ரெண்டாவது மாடி! காத்து அள்ளுது!”

தெருமுனையில் வண்டியை உதைத்துக்கொண்டிருந்த மதுரைவீரன் திரும்பிப் பார்த்தார். மேலே ஜன்னல் திறந்தது.

“பேட்டரி எறங்கிடும்டி கழுதை!”

ஸ்பீக்கரைவிட அதுதான் அதிக தூரம் கேட்டது.