கீழே இருந்த கையெழுத்து

ராஜகோபாலன் சார் போய்விட்டார் என்ற செய்தி எங்கள் பழைய வகுப்பின் வாட்ஸப் குழுவில் வந்தபோது, மகளுக்கு இருமல் மருந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். பாதி அவள் வாயில், பாதி என் கையில். குழுவில் வரிசையாகக் கும்பிடும் கைகள் விழுந்தன. நான் ஒன்றும் எழுதவில்லை. மூன்று வாரம் தாமதமாக இப்போதுதான் எழுதுகிறேன். குழந்தைக்குக் காய்ச்சல், பிறகு எனக்கு என்று காரணம் சொல்லலாம். சாரிடம் அது எடுபட்டிருக்காது.

ஔந்துப் பகுதியில் அவரோடு ஒரே குடியிருப்பில் இருந்தவர்களுக்கு அவரைக் குடியிருப்புச் சங்கச் செயலாளராகத் தெரியும். அந்தச் சனிக்கிழமை வகுப்பில் இருந்தவர்களுக்கு மாணவராகத் தெரியும். இரண்டு பேரும் ஒருவர்தான் என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

சமூக நீதி பற்றிய அந்தப் பாடத்தில் பணி ஓய்வு பெற்றவர்களும் எங்களைப் போன்ற பட்டப்படிப்புக்காரர்களும் ஒன்றாகப் படித்தோம். ஒரு பெஞ்சுக்கு ஒரு பெரியவர், ஒரு இளையவர், நடுவில் ஒரே நோட்டு. என் பெஞ்சுக்கு வந்தவர் சார்; நோட்டில் நான் அவருடைய தரப்பை எழுத வேண்டும், அவர் என்னுடையதை. ‘நான் சொன்னது இதுதான்’ என்று தோன்றினால் மட்டுமே மற்றவர் கீழே கையெழுத்திடலாம். வகுப்பில் எல்லாருக்கும் அவர் ‘காகா’, மராத்தியில் சித்தப்பா. தமிழ் பேசிய எனக்கு மட்டும் சார். வங்கி மேலாளராக இருந்தவர், சுலபத்தில் பேனாவைத் திறக்கமாட்டார். “பாதிதான் வந்திருக்கு. திரும்ப எழுது. படிக்காம கையெழுத்துப் போட்டா எங்க வேலையில பென்ஷனே போயிடும்மா” என்பார். “உங்க பென்ஷன் போனா எனக்கென்ன சார், மணி ஆயிடுச்சு” என்பேன்.

ஒரு வாரம், நாம் புழங்கும் இடத்தில் பார்த்த ஒரு விதியைப் படம் எடுத்து வரச் சொன்னார்கள். போபோடியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து அம்மா ஔந்துக்குச் சமையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கப் போனபோது லிப்ட் அருகில் ஓர் அறிவிப்பைப் பார்த்தேன். வீட்டு வேலை செய்பவர்கள் பின்பக்க லிப்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று இருந்தது. அவசரமாகப் படம் எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

வகுப்பில் புரொஜெக்டரில் அது சுவரளவுக்குப் பெரிதாக விழுந்தபோதுதான் அடியில் ‘செயலாளர்’ என்பதற்கு மேல் இருந்த கையெழுத்தைப் பார்த்தேன். வாரந்தோறும் எங்கள் நோட்டில் பார்க்கும் அதே வளைந்த கோடு. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். “யாருய்யா அந்தச் செயலாளர்?” என்று பின்னாலிருந்து யாரோ இந்தியில் கேட்டார்கள். சார் எழுந்து, “நான்தான்” என்றார். பிறகு உட்கார்ந்து தமிழில், மெதுவாகக் கேட்டார்.

“கீழ வரைக்கும் படிக்கலையா?”

“இல்ல சார்.”

“எங்க பில்டிங்குக்கு நீ எப்படி வந்தே?”

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை. “எங்க அம்மா அங்க நாலாவது மாடியில சமைக்கறாங்க.”

அம்மாவின் வேலை போய்விடும் என்றே நம்பினேன். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் சொல்லவும் தைரியம் இல்லை.

செவ்வாய்க்கிழமை அம்மா சிரித்துக்கொண்டே வந்தார். “யாருடி அந்த ஏழாவது மாடி சாரு? எங்க லிப்டுல வந்து நிக்கறாரு. ‘இது உங்க லிப்டு இல்ல சார்’னு சொன்னேன். ‘தெரியும்மா, நான்தானே எழுதினேன்’னாரு. குப்பைக் கூடைக்கு நடுவுல முட்டியப் புடிச்சிக்கிட்டு நிக்கறாரு, பாவம்.”

சனிக்கிழமை நோட்டை என் பக்கம் தள்ளினார். என் தரப்பாக இரண்டே வரிகள் எழுதியிருந்தார்: ‘என் அம்மா சமைப்பதை அந்த வீட்டில் எல்லாரும் சாப்பிடுகிறார்கள். அவர் பக்கத்தில் நிற்கத்தான் யோசிக்கிறார்கள்.’ நான் அவரிடம் அப்படிச் சொன்னதே இல்லை. ஆனால் அதுதான் என் மனதில் இருந்தது. கையெழுத்திட்டேன். அவருடைய தரப்பை நான் எழுதியதற்கு அவர் கையெழுத்திட மறுத்தார். “ரொம்ப நல்லவனா எழுதியிருக்கே. பில்டிங்ல எல்லாரும் அந்த விதியக் கேட்டாங்க, நல்ல பேர் வாங்க நானும் கையெழுத்துப் போட்டேன். அத எழுது.” எழுதினேன். உடனே பேனாவைத் திறந்தார்.

குடியிருப்பின் அடுத்த பொதுக்கூட்டத்தில் அந்த விதியை நீக்கச் சொல்லிப் பேசித் தோற்றார். அங்கிருந்தவர்களுக்கு அவர் சொன்னது நினைவிருக்கும்: “விதி உங்களோடது, வச்சுக்கோங்க. கையெழுத்து என்னோடது, நான் எடுத்துக்கறேன்.” மறுநாள் காலை லிப்ட் அருகில் இருந்த தாளைப் பிரித்து எடுத்துவிட்டார். புதிய அறிவிப்பு அடித்து வந்ததாம். கீழே பெயர் போட யாரும் முன்வரவில்லை. இன்று நீ, நாளை நான் என்று தள்ளித் தள்ளி அது அலமாரியிலேயே கிடந்தது. அம்மா அந்த வீட்டில் இன்னும் ஆறு வருடம் சமைத்தார். முன்பக்க லிப்டில்தான் ஏறினார். சாரைப் பார்த்தால், “ஏழுதானே சார்?” என்று அம்மாவே பொத்தானை அழுத்துவாராம்.

இப்போது ஹடப்சரில் நான் வேலைக்குப் போகும் நேரத்தில் மங்கள் அக்கா என் மகளைப் பார்த்துக்கொள்கிறார். போன மாதம் குழந்தைக்கு இருமல் நிற்காதபோது, பயத்தில் ஒரு பட்டியல் எழுதினேன். தனி டம்ளர். சோபாவில் உட்காரக் கூடாது. வந்ததும் கை கழுவ வேண்டும். பிரிட்ஜில் ஒட்டப் போகும்போது சாரின் நினைவு வந்து, கீழே என் பெயரை எழுதிப் பார்த்தேன். முழுதாக எழுத முடியவில்லை. கை கழுவுவதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடித்தேன். அதற்குக் கீழே பெயர் எழுத முடிந்தது. அந்த விதி எனக்கும்தான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தப் பழக்கம்தான். கூடவே எங்கள் நோட்டும் இருக்கிறது. இதை அவர் படித்திருந்தால் எங்காவது ஓரிடத்தில் நிறுத்தி, “ரொம்ப நல்லவனா எழுதியிருக்கே” என்றிருப்பார். இந்த ஒரு முறை திருத்தப் போவதில்லை, சார்.